கவிழ்த்து வைத்த கைப்பேசி

இன்று காலை மின்சார ரயிலில் எதிரே அமர்ந்திருந்த இளைஞர், கைப்பேசி ஒளிர்ந்ததும் திரையில் வந்த பெயரைப் பார்த்துவிட்டு, அதைத் தன் தொடையின்மீது மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

அருகிலிருந்த மனைவி எதுவும் கேட்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அழைத்தவர் கடன் கொடுத்தவராகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

மணவாழ்வில் துரோகம் என்றால் சட்டம் உடலுறவைத்தான் பார்க்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 497ஆவது பிரிவு, பிறர் மனைவியோடு அவளுடைய கணவனின் சம்மதமின்றி உறவுகொள்ளும் ஆணை மட்டுமே குற்றவாளியாகக் கண்டது; தன் கணவன் தவறினால் மனைவி அதன்கீழ் வழக்குத் தொடுக்கவே வழியிருக்கவில்லை. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது சரியென்றே நம்புகிறேன். மணவிலக்குக்கு மணத்துக்கு வெளியிலான உறவு இன்றும் ஒரு காரணம்தான். அங்கும் உடலுறவே அளவுகோல்.

பகலெல்லாம் மனத்திலிருப்பதை வேறொருவரிடம் சொல்லித் தீர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து "ஒன்றுமில்லை" என்று படுத்துக்கொள்பவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது? நட்பு தவறன்று. என் கணவருக்கும் நெருங்கிய தோழிகள் உண்டு. அவர்கள் அழைக்கும்போது கைப்பேசி மேசைமீது திறந்தே கிடக்கும். மறைக்கக் கை தானாக நகர்வதையே நான் துரோகமாகக் கருதுகிறேன்.

குரோம்பேட்டையில் அவர்கள் இறங்கினார்கள். அவள் முன்னே நடந்தாள்.