தகடூரில் நடுகல் தேடி

தருமபுரியில் இறங்கும் வெளியூர்க்காரர்களில் பலர் ஒகேனக்கல் பஸ்ஸைத்தான் தேடுவார்கள். நான் இந்த முறை அருவிப் பக்கம் போகவில்லை. சங்ககாலத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. மாண்ட வீரர்களின் நினைவாக நட்ட அந்த மண்ணின் நடுகற்களை ஆற அமரப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

முதலில் சேலம் சாலையில் இருக்கும் அதியமான்கோட்டைக்குப் போனேன். காலபைரவர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள அதியமான் கோட்டத்தில், தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் சிலை இருக்கிறது. தமிழ்ப் பாடம் படித்த எவருக்கும் தெரிந்த காட்சி. புறநானூற்றின் 91ஆம் பாட்டு. நல்ல பாட்டுதான். ஆனால் இந்த மண்ணில் நின்று நினைக்க வேண்டியது 232ஆம் பாட்டு என்பேன்.

அதியமான் இறந்த பிறகு ஔவை பாடியது அது. இனிக் காலையும் மாலையும் இல்லாமற் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமற் போகட்டும் என்று தொடங்குகிறார். அவனுக்குக் கல் நட்டாயிற்று. மயில்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றிப் படைக்கிறார்கள். மலைகளோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்க மாட்டானே, இந்தச் சிறு கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்வான் என்று கேட்கிறார். ஆறே அடிக்குள் இவ்வளவு துக்கத்தை அடக்கிய பாட்டு தமிழிலேயே அரிது.

பிறகு தருமபுரி அரசு அருங்காட்சியகம். மாவட்டத்தின் பல இடங்களிலிருந்து கொண்டுவந்த நடுகற்கள் அங்கே இருக்கின்றன. ஔவை பார்த்த கல்லுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவை. பல்லவர், கங்கர், நுளம்பர் காலத்தவை. ஒரு கல்லின் முன் வெகுநேரம் நின்றுவிட்டேன். வீரன் இடக்கையில் வில், வலக்கையில் வாள். ஒரு கால் முன்னே பாய்கிறது. மார்பில் அம்பு தைத்திருக்கிறது. முகத்திலோ வலியின் சுவடு இல்லை. தலைக்கு மேல் சில வரி எழுத்து. இக்கற்களில் பழையவை வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்தில் இருக்கும். அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லி, இன்னாருடைய சேவகன் இன்னான் தொறு மீட்டுப் பட்டான் என்று முடிந்துவிடும். தொறு என்பது ஆநிரை. மாடுகளை மீட்கப் போய் மாண்டவனுக்கு அரசன் பெயரோடு சேர்த்துத் தன் பெயரும் கல்லில் கிடைத்திருக்கிறது. பெருங்கோயில் கல்வெட்டுகளில் கொடை கொடுத்தவர்களைத்தான் நிறையப் பார்க்கிறோம். மாட்டுக்காக உயிர் கொடுத்தவனை இங்கேதான் பார்க்க முடிகிறது.

கல்லைத் தேர்வதில் தொடங்கி நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. அந்தப் படையல் இன்னும் நிற்கவில்லை. மாலையில் ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு வேடியப்பன் கோயிலைப் பார்த்தேன். கருவறையில் இருப்பது நடுகல்தான். எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறி வில்லின் வளைவு மட்டுமே தெரிகிறது. வாள் இருந்த இடம் விரலால் தடவினால்தான் பிடிபடும். எதிரே மண் குதிரைகள். விளக்கேற்ற வந்த பாட்டியிடம் சாமியைப் பற்றிக் கேட்டேன்.

“மாடு கன்றுக்கு இவர்தான் காவல், தம்பி. கன்று போட்டால் முதல் பால் இவருக்குத்தான்” என்றார்.

மாட்டுக்காக மாண்டவன் மாட்டுக்குக் காவலாகவே இருக்கிறான்! கல்வெட்டைப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அதன் சாரம் தெரிந்திருக்கிறது. எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது.

தருமபுரிப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெல்லிக்கனிப் பாட்டை வகுப்பில் நடத்துங்கள். 232ஆம் பாட்டுக்குப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், கல்லின் முன்னால் நிறுத்திச் சொல்லுங்கள்.