வென்ட் வழியே பிராக்

ஜூன் 3, செவ்வாய்

'டியஸ் எக்ஸ்: மேன்கைண்ட் டிவைடட்' ஒருவழியாகத் தொடங்கியாச்சு. 2016-ல் வந்த கேம். இதற்கு முந்தைய 'ஹியூமன் ரெவல்யூஷ'னை (2011) மூணு தடவை முடித்தவன் நான். இதை ஓட்டத் தெம்புள்ள கிராபிக்ஸ் கார்டு வாங்கத்தான் இவ்வளவு நாள் ஆனது.

முதல் மிஷன் துபாய். பாதியில் கைவிட்ட ஹோட்டல், தூரத்தில் மணல்புயல். இறங்கும் முன்பே கூட்டாளி கேட்கிறான்: கொல்லும் ஆயுதமா, மயக்குவதா? கிட்டத்திலா, தூரத்திலா? மயக்க ஊசித் துப்பாக்கி எடுத்தேன். இந்த முறை ஒரு உயிர்கூடப் போகக்கூடாது.

சொல்வது சுலபம். மயங்கிக் கிடப்பவனை இன்னொருத்தன் பார்த்தால் எழுப்பிவிடுவான். அதனால் அடிப்பது கால் வேலை, காலைப் பிடித்து இழுத்துப்போய் மறைப்பது முக்கால் வேலை. ஒரே மூலையில் நாலு பேரை அடுக்கிவிட்டுத் திரும்பினால், கல்யாண வீட்டில் விடியற்காலை மண்டபம் மாதிரி இருந்தது.

ஜூன் 5, வியாழன்

செக் நாட்டுத் தலைநகர் பிராக். கதையில் 2029. இரண்டு வருஷம் முன்னால், உடம்பில் இயந்திர உறுப்பு பொருத்தியவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் புத்தி பேதலித்து, கண்ணில் பட்டவர்களைத் தாக்கினார்கள். அதிலிருந்து அவர்கள் எல்லாருக்கும் ஆகாதவர்கள். ஹீரோ ஆடம் ஜென்சன் இன்டர்போல் ஆள்தான், ஆனால் இரண்டு கையும் இயந்திரம்.

மெட்ரோவில் வழியே தனித்தனி. கவனிக்காமல் 'சாதாரண' மனுஷர்கள் பக்கம் போய்விட்டேன். இறங்கியதும் போலீஸ்காரன் மறித்தான். பேப்பர்ஸ். புரட்டிப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி புரட்டினான். சுட்டுத் தள்ளுகிற கேமில் ஒரு பட்டனும் அழுத்த முடியாமல் நிற்கவைத்தார்கள். அதற்குப் பிறகு மூணு தடவை வேண்டுமென்றே அதே பக்கம் போனேன். மூணு தடவையும் அதே நிற்றல்.

'ரோபோ' என்ற சொல்லே 1920-ல் ஒரு செக் எழுத்தாளரின் நாடகத்திலிருந்து வந்தது. களிமண் மனிதன் கோலெம் கதையும் இந்த ஊருடையது. ஊரைத் தெரிந்துதான் பிடித்திருக்கிறார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

லீவு. காலையிலிருந்து மாலை வரை மெயின் மிஷன் பக்கமே போகவில்லை. வீடு வீடாகப் புகுந்தேன்.

கதவு பூட்டியிருந்தால் ஹேக். புள்ளி புள்ளியாகப் பிடித்துக்கொண்டே போகவேண்டும். கண்டுபிடித்துவிட்டால் சிஸ்டம் நம்மைத் துரத்த ஆரம்பிக்கும். கடைசிப் புள்ளியைப் பிடிக்கும் முன் மூச்சை அடக்கிக்கொள்கிறேன், ஏதோ அது கேட்டுவிடுமோ என்பது போல. ஹேக் முடியாவிட்டால் எங்காவது ஒரு வென்ட், அதாவது ஆள் நுழையும் காற்றுக்குழாய், இருக்கும். பெட்டியை நகர்த்தினால் பின்னால் ஓட்டை. உள்ளே போய் டிராயரில் இருக்கும் காசு, மேஜை மேல் இருக்கும் மருந்து, கம்ப்யூட்டரில் இருக்கும் சண்டை, கடன், காதல் எல்லாம் படித்துவிட்டு வெளியே வருவேன். இதற்கெல்லாம் பாயின்ட் வேறு தருகிறார்கள்.

பின்னால் நின்று பார்த்த தம்பி சொன்னான்: "அண்ணே, நீ போலீஸ்தானே? அப்புறம் ஏன் ஊரான் வீட்டு டிராயரை நோண்டுற?"

பதில் இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

கோலெம் சிட்டி. இயந்திர உறுப்புக்காரர்களை அடைத்துவைத்திருக்கும் இடம். கன்டெய்னர் மேல் கன்டெய்னர் போல் வீடுகள், நடுவே ஒயர் காடு. இங்கே டிராயரைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தேன், அது வேறு விஷயம்.

முடிவில் இயந்திர உறுப்புக்காரர்களின் உரிமைக்குப் போராடும் அமைப்பின் தலைவர் டாலோஸ் ரக்கரோடு பேச்சு. துப்பாக்கி இல்லாத பாஸ் சண்டை, அதாவது பெரிய ஆளோடு மோதல். அவர் பேசும்போது திரையில் எந்த விளக்கு மின்னுகிறது என்று பார்த்துக் குணம் கணிக்கவேண்டும். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னதைக் கோட்டைவிட்டேன். லோட் செய்து மறுபடி கேட்டேன். மனுஷர் நியாயமாகத்தான் பேசினார்.

ஜூன் 19, வியாழன்

வங்கியா, வெடிகுண்டு தயாரித்த பெண்ணா, ஒன்றுக்குத்தான் போகமுடியும். வங்கி. காரணம் கேட்காதீர்கள், பெட்டகம் என்றதும் கால் தானாகத் திரும்பியது.

ஜூன் 22, ஞாயிறு

ஊரடங்கு. ராத்திரி. பார்த்தவுடன் சுடுகிறது போலீஸ். பகலில் கையை வீசிக்கொண்டு நடந்த தெருவில் இப்போது தலையை நீட்டமுடியவில்லை.

ஆனால் எனக்கு வழி தெரியும். புத்தகக்கடைக்குப் பக்கத்துச் சந்து, மேலே ஏறினால் பால்கனி, அங்கிருந்து ஜன்னல், ஜன்னலுக்குள் நான் போன வாரம் காலி செய்த வீடு. மேஜை டிராயர் திறந்தபடியே கிடந்தது. மூடவில்லை நான். அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு, கீழே ரோந்துக்காரனின் பூட்ஸ் சத்தம் நகரும் வரை காத்திருந்தேன்.

பகலில் ஐந்து நிமிஷத்து நடை. 'ப்ராஹா டோவோஸ்' என்ற போர்டு மாட்டி இன்டர்போல் ஒளிந்திருக்கும் அலுவலகத்தை அடைய ஒன்றேகால் மணி நேரம். யாரும் பார்க்கவில்லை, யாரும் சாகவில்லை. அடுத்த மிஷன் லண்டன், நாளைக்கு.