கிளப்பின் தலை கையில் தெரிகிறதா?

மண்வெட்டிக்குக் காம்பு மாற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தகடு அதே தகடுதான். காம்பை நாலு விரற்கடை நீட்டிப் போட்டால் போதும், வரப்பு வெட்டுகிறவர் மதியத்துக்குள் தோள் கடுக்கிறது என்பார். தராசில் பெரிதாக எதுவும் கூடியிருக்காது, ஓங்கும்போது தகடு கனக்கும். கோல்ஃப் கிளப்பில், அதாவது பந்தடிக்கும் மட்டையில், ஸ்விங் வெயிட் என்று சொல்வது இந்தக் கனத்தைத்தான்.

காவிரி டெல்டாவில் கோல்ஃப் பலருடைய ஆட்டம் அல்ல. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் ஒரு செட்டைக் கையோடு கொண்டுவருவார்கள். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வீட்டு மூலையில் கிடக்கும். கொடைக்கானல் போகும்போது வெளியே வரும். இடையில் யாரோ கிரிப் (கைப்பிடி உறை) மாற்றியிருப்பார்கள், நீளம் அறுத்திருப்பார்கள். "முன்னே மாதிரி அடி விழலை" என்று கிளப் பழுதுபார்க்கும் எங்கள் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட செட்தான்.

1920களில் ராபர்ட் ஆடம்ஸ் என்ற அமெரிக்கர் இதற்கென்று ஒரு தராசு செய்தார். நம் பழைய வெள்ளிக்கோல் மாதிரிதான் அது. பிடியின் நுனியிலிருந்து 14 அங்குலத்தில் தாங்குமுனை. அதற்கு மேல் தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதே அளவு. ஏ, பி, சி, டி என்று எழுத்தும், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை எண்ணும் வரும். சி9-க்கு அடுத்தது டி0. ஆண்களுக்கான அயர்ன்கள் (இரும்புத் தலை கிளப்கள்) பொதுவாக டி0 முதல் டி2 வரை, பெண்களுக்கானவை சி5 முதல் சி7 வரை, பந்தைக் கிட்டத்தில் தூக்கி அடிக்கும் வெட்ஜ்கள் டி3-க்கு மேல்.

அந்தத் தராசு இல்லாமலும் கணக்குப் போடலாம். கிளப்பை கிராமில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு இரும்பு ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் விளிம்பில் ஷாஃப்டை (கிளப்பின் தண்டை) கிடத்துங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் பென்சில் கோடு. கிரிப்பின் மூடி நுனியிலிருந்து அந்தக் கோடு வரை சென்டிமீட்டரில் அளந்து, 35.56-ஐ (அந்த 14 அங்குலத்தை) கழித்து, மீதியை எடையால் பெருக்குங்கள். 15,374 வந்தால் டி0. அதற்கு மேல் ஒவ்வொரு 126-க்கும் ஒரு புள்ளி, அதாவது டி0-விலிருந்து டி1 போல ஒரு படி. 420 கிராம் கிளப் 72.5 செ.மீ.-இல் நின்றால் 36.94 × 420 = 15,515; அதாவது டி1. ஒரு மில்லிமீட்டர் தவறினால் மூன்றில் ஒரு புள்ளி போய்விடும். அதனால் மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். தலையில் 2 கிராம் கூடினால் ஒரு புள்ளி ஏறும். கிரிப்பில் 5 கிராம் கூடினால் ஒரு புள்ளி இறங்கும். ஷாஃப்டில் ஒரு புள்ளிக்குச் சுமார் 9 கிராம் வேண்டும், ஏனென்றால் அதன் நடுக்கனம் தாங்குமுனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீளத்தில் அரை அங்குலம் என்பது 3 புள்ளி. அயர்ன்கள் ஒன்றுக்கொன்று அரை அங்குலம் குறைந்துகொண்டே வர, தலைகள் சுமார் 7 கிராம் கூடிக்கொண்டே வருவதும் இதனால்தான்.

அதிகம் ஏமாற்றுவது கிரிப்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து வழுக்குகிறது என்று 50 கிராம் கிரிப்பைக் கழற்றிவிட்டு 65 கிராம் தடித்த கிரிப் போடுகிறார்கள். டி2 இருந்தது சி9 ஆகிறது. உடனே தலையில் 6 கிராம் ஏற்றி எண்ணைச் சரிக்கட்டுவது எங்கள் தொழிலில் பலர் செய்வது. அவசரப்படக் கூடாது என்பதே எங்கள் கருத்து. தலையில் ஒரு கிராமும் குறையவில்லை. குறைந்தது எண் மட்டுமே. ஒரு வாரம் அடித்துப் பார்த்து, தலை கையில் தெரியவில்லை என்றால் மட்டும் கை வையுங்கள்.

அறுப்பது அப்படியல்ல. ஒரு அங்குலம் அறுத்தால் 6 புள்ளி, டி2 நேராக சி6. கிளப் வெறும் குச்சி மாதிரி ஆகிவிடும், ஷாஃப்டும் விறைக்கும். அறுப்பதற்கு முன் ஒரு அங்குலம் கீழே பிடித்து இரண்டு வாரம் ஆடிப் பாருங்கள். அறுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் அரை அங்குலம்.

தலை இலேசாக இருப்பவர் அவசரமாக வீசுவார். பந்து கிளப்பின் முகத்தில், அதாவது தலையின் அடிக்கும் பக்கத்தில், கண்ட இடத்தில் படும், பாதி அடி பந்தின் மேல்பக்கம் பட்டு ஓடும். தலை கனத்தால் முகம் திரும்பத் தாமதமாகி, வலக்கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் ஒதுங்கும். பந்துக்கு முன்னால் மண்ணை வெட்டுவார். கடைசி நாலைந்து குழிகளில் கை ஓய்ந்துவிடும். ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதால் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெள்ளைப் பலகை மார்க்கரால் பந்தில் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டு முகத்தைப் பார்க்க வைத்து அடித்தால், பட்ட இடம் முகத்தில் பதியும். பத்து அடி, பிறகு 2 கிராம் ஈய டேப், மறுபடி பத்து அடி. பொட்டுகள் எந்த எடையில் ஓரிடத்தில் கூடுகின்றனவோ, அங்கே நிறுத்துங்கள்.

டேப்பை நீளத்தை வைத்து வெட்டாதீர்கள். நகைத் தராசில் நிறுங்கள். தலையின் பின்புறம், நடுவில், கீழாக ஒட்டுவது பொது. ஒட்டுமிடத்தைத் தின்னரால் துடைத்து, ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஐப்பசி ஈரத்தில் அவசரமாக ஒட்டியதும், சித்திரை வெயிலில் கார் டிக்கியில் கிடந்ததும் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஆட்டம் தொடங்கிய பிறகு டேப்பைச் சேர்ப்பதோ எடுப்பதோ கூடாது, விதி அது.

நிரந்தரமாக வேண்டுமென்றால் ஷாஃப்டின் கீழ் நுனிக்குள் பித்தளைக் குச்சி. குத்துவிளக்குக்குப் பேர்போன நாச்சியார்கோயில் பக்கம் பித்தளைக்குப் பஞ்சமில்லை. கடைசல் பட்டறையில் 5 மி.மீ. விட்டத்தில் 24 மி.மீ. நீளம் கேட்டால் 4 கிராம் கிடைக்கும். கிராஃபைட் ஷாஃப்டுக்கு உள்துளை சிறிது, அளந்து கேளுங்கள். ஷாஃப்ட் நுழையும் குழலின் வாய்க்கு மேலே குச்சி நீளக் கூடாது, அந்த இடத்தில்தான் கிராஃபைட் ஒடியும். எபாக்ஸிப் பசை பூசிச் செருகி ஒரு நாள் முழுதும் விட்டுவிட வேண்டும். எபாக்ஸியே ஒன்றிரண்டு கிராம் இருக்கும், கணக்கில் சேருங்கள். 6 கிராமுக்கு மேல் தேவைப்பட்டால் மீதியை டேப்பில் வையுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்காற்றில் கிடந்த ஸ்டீல் ஷாஃப்ட் உள்ளே துருப்பிடித்துக் கலகலக்கும். அதைக் குச்சி கழன்ற சத்தம் என்று நினைத்துத் தலையைப் பிரித்துவிடாதீர்கள்.

பழைய கிரிப்பை உருவும் முன் கிளப்பின் எடையையும் சமநிலைக் கோட்டையும் அளந்து வையுங்கள். பிறகு அந்த எண்களை அழியாத மையால் வெற்று ஷாஃப்டிலேயே எழுதிவிட்டுப் கிரிப்புக்கு அடியில் சுற்றும் ஒட்டு டேப்பையும் புது கிரிப்பையும் ஏற்றுங்கள். அடுத்த முறை கிரிப்பை அறுத்தெடுக்கிறவருக்கு அங்கே எண்கள் இருக்கும்.