5/4 வெட்சூட், ஒன்றரை ஐஸ் பார், ஒரு கவட்டைத் தையல்

தையல் பிடிச்சிடுச்சு! குளிர்ந்த கடல்ல சர்ஃபிங் பண்றவங்க உடம்போட ஒட்டிப் போடுற ரப்பர் சூட்தான் வெட்சூட், என்னோடதுல கவட்டைல விட்டிருந்த தையலை நானே ஒட்டினேன். நேத்து காலைல கடலூர் முதுநகர்ல மாமா வீட்டு பின்கட்டுல, 11 டிகிரி தண்ணில நெஞ்சு வரைக்கும் 22 நிமிஷம் உக்காந்திருந்தேன். வெட்சூட்டை உரிச்சு பாத்தப்போ கவட்டைல வெச்சிருந்த டிஷ்யூ பேப்பர் அப்படியே மொறுமொறுன்னு இருந்துச்சு, அதுல ஸ்கெட்ச் பேனாவால வெச்ச புள்ளி ஒண்ணு கூட கலங்கல. மூணு வாரமா இந்த ஒரு தையலோட மல்லுக்கட்டிட்டு இருந்தவனுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு ஒட்டிப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

பாண்டிச்சேரில இருந்துகிட்டு எதுக்குடா விண்டர் வெட்சூட்டுன்னு எல்லாரும் கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். நம்ம கடல் ஜனவரியிலகூட 25, 26 டிகிரிக்கு பக்கத்துலதான் இருக்கும், செரினிட்டி பீச்ல ஆறு மாசமா நான் வெறும் ராஷ் கார்டு, அதாவது மெல்லிசான இறுக்கமான பனியன் மாதிரி ஒண்ணு போட்டுத்தான் சர்ஃபிங் கத்துக்கிட்டு இருக்கேன், அது இங்க தாராளம். ஆனா டிசம்பர் கடைசில பிரான்ஸ்ல, ப்ரெஸ்ட்ல இருக்குற அத்தை வீட்டுக்கு அஞ்சு வாரம் போறேன். அங்கேர்ந்து கார்ல போற தூரத்துல லா தோர்ஷ், ப்ரெத்தாஞ் (பிரிட்டனி) பக்கம் அலை ஓட்டுறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பீச். கடல் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும்போது அஞ்சு வாரம் அத்தை வீட்டு ஹீட்டர் பக்கத்துல உக்காந்திருக்க என்னால முடியாது. குளிர்காலத்துல அங்க தண்ணி 10, 11 டிகிரி. அந்தத் தண்ணிக்கு 5/4 (உடம்புக்கு 5 மில்லிமீட்டர், கை காலுக்கு 4 மில்லிமீட்டர் தடிமன்), கூடவே பூட்ஸ், கிளவுஸ், ஹுட். அதைவிட மெல்லிசா போட்டா ஆரம்ப நிலைல இருக்குற எனக்கு தாங்காது, ஏன்னா நல்லா ஓட்டுறவன் துடுப்பு போட்டுகிட்டே இருப்பான், உடம்பு சூடாவே இருக்கும், நான் பாதி நேரம் விழுந்து எந்திரிச்சு இடுப்பளவு தண்ணில போர்டை பிடிச்சுகிட்டு அடுத்த அலைக்கு நிப்பேன். கத்துக்குறவனுக்குத்தான் குளிர் ஜாஸ்தி. இதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

முதல்ல ஏமாந்த கதைய சொல்லிடறேன். ஆகஸ்ட்ல ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட "விண்டர் சூட், ஒரே ஒரு தடவை போட்டது"ன்னு 4500 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கினேன். வந்து பாத்தா 3/2, அதுவும் ஃப்ளாட்லாக் தையல். ஃப்ளாட்லாக்ல ஊசி துணிய முழுசா துளைச்சு அந்தப் பக்கம் வரும், அதாவது தையல் போற வழி பூரா ஓட்டை. கோடைக்கு நல்லா இருக்கும், உடம்புல உறுத்தாது. 11 டிகிரி தண்ணிக்கு அது சல்லடை. ஃபோட்டோவுல தையலை கிட்ட காட்டுங்கன்னு நான் கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டார், அதுக்கப்புறம் மெசேஜுக்கும் பதில் இல்ல. அந்த 4500 ரூபாய் இன்னும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. செகண்ட் ஹேண்ட் வாங்குற யாரா இருந்தாலும் உள்பக்கத்தை திருப்பி, தையலை கிட்டத்துல எடுத்த ஃபோட்டோ இல்லாம காசு அனுப்பாதீங்க. ஒரு பக்கம் நூல் தெரிஞ்சு இன்னொரு பக்கம் நூலே தெரியலைன்னா அது பிளைண்ட்ஸ்டிச், ஊசி பாதி தடிமன் வரைக்கும்தான் போயிருக்கும், விளிம்பு ரெண்டையும் முன்னாடியே பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. குளிருக்கு அதுதான் வேணும்.

நான் போய்க் கேட்ட கடைகள்ல 2 மில்லிக்கு மேல எதுவும் இல்ல. அதனால அத்தை பையனைப் பிடிச்சேன். மொத்த பட்ஜெட் பூட்ஸ் கிளவுஸ் எல்லாம் சேத்து 12000, அதுல புது 5/4 கிடைக்காது. மச்சான் லெபான்குவான்ல (பிரான்ஸ்ல பழைய பொருள் விக்கிற வெப்சைட்) தேடித்தேடி லிங்க் அனுப்புவான், நான் இங்க டெய்லர் அண்ணன்கிட்ட எடுத்த அளவை வெச்சுகிட்டு பிராண்ட் பிராண்டா சைஸ் சார்ட் பாப்பேன். என் உயரம் 181, எடை 66 கிலோ. சாதாரண எம் சைஸ் போட்டா தோள்ல இழுக்கும், எல் போட்டா முதுகுல பை மாதிரி தொங்கும். என்ன மாதிரி ஒல்லிக்கு எம்டின்னு ஒரு சைஸ் இருக்கு, எம் சுற்றளவு, நீளம் மட்டும் ஜாஸ்தி. அதைக் கண்டுபிடிக்கவே ரெண்டு வாரம் ஆச்சு. என் கணக்குல வரிசை இதுதான்: முதல்ல ஃபிட், அப்புறம் தையல், அதுக்கப்புறம்தான் தடிமன், பிராண்ட் கடைசி. லூசா இருக்குற 5/4 ஐ விட கச்சிதமா இருக்குற 4/3 கதகதப்பா இருக்கும், ஒவ்வொரு தடவை விழும்போதும் பழைய வெதுவெதுப்பு தண்ணி வெளிய போய் புது ஐஸ் தண்ணி முதுகுல இறங்காது பாருங்க.

பலரும் சொல்றாங்க, உள்ள போற தண்ணிதான் சூடாகி நம்மள காப்பாத்துதுன்னு. நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். காப்பாத்துறது தண்ணி இல்ல, நியோப்ரீனுக்குள்ள, அதாவது சூட் செய்யுற நுரை ரப்பருக்குள்ள இருக்குற குட்டி குட்டி வாயுக் குமிழி. 1951 வாக்குல பெர்க்லில ஹ்யூ பிராட்னர்னு ஒரு இயற்பியலாளர் இதைத்தான் யோசிச்சார், துணிக்குள்ளயே வாயு அடைச்சிருந்தா உள்ள கொஞ்சம் தண்ணி புகுந்தாலும் பரவால்லன்னு. அதுலேர்ந்துதான் வெட்சூட்டே வந்துச்சு. அப்போ உள்ள வர்ற தண்ணி எவ்ளோ கம்மியோ, எவ்ளோ மெதுவா மாறுதோ, அவ்ளோ நல்லது.

கடைசில 60 யூரோவுக்கு ஒரு 5/4 அமைஞ்சது, செஸ்ட் ஜிப், எம்டி சைஸ், பிளைண்ட்ஸ்டிச். பேக் ஜிப்னா இன்னும் கம்மியா கிடைச்சிருக்கும், போடறதும் ஈஸி, ஆனா முதுகு நீளத்துக்கு ஜிப் ஓடுறதால தண்ணி அது வழியாத்தான் முதல்ல வரும், வளையவும் வளையாது. வித்தவங்க நேர்மையா சொல்லிட்டாங்க, கவட்டைல தையல் லேசா விட்டிருக்கு, இடது முட்டில நகம் பட்ட கீறல் இருக்குன்னு. அதான் அந்த விலை. அங்கேர்ந்து ஊருக்கு வந்த சொந்தக்காரர் ஒருத்தர் பெட்டில போட்டு கொண்டு வந்தார், கூடவே ஒரு ட்யூப் பிளாக் விட்ச், அது நியோப்ரீனுக்குன்னே இருக்குற பசை.

அக்டோபர் புழுக்கத்துல 5/4 போட்டுப் பாக்குறது தனி அனுபவம். வேர்வை பட்டா ரப்பர் தோல்ல அப்படியே பிடிச்சுக்கும், முட்டிக்கு மேல ஏறாது. காலைல அஞ்சு மணிக்கு ஏசி ரூம்ல, கால்ல ஜவுளிக்கடை கவரை மாட்டிகிட்டு உள்ள விட்டேன், வழுக்கிட்டு போச்சு. கைக்கும் அதே கவர். நகத்தால கிள்ளி இழுக்கவே கூடாது, விரல் நுனி சதையாலதான் கொஞ்சம் கொஞ்சமா மேல தள்ளணும், அந்த முட்டிக் கீறல் அப்படி வந்ததுதான். போட்டதும் நான் பாத்த இடம்: கீழ்முதுகு குழியில காத்து நிக்குதா, கையைத் தூக்கினா அக்குள்ல மடிப்பு விழுதா, குந்தி எந்திரிச்சா கவட்டை கீழ இறங்குதா. மூணுமே சரியா இருந்துச்சு. கழுத்து டைட்டா, மூச்சு முட்டுற மாதிரி இருந்துச்சு, நம்ம உடம்புக்குப் பழக்கம் இல்ல, புதுசா போடறவங்க பயந்துடாதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல இந்த ஊர் வெயில்ல போட்டுகிட்டு இருக்காதீங்க, தலை சுத்தும்.

தைச்ச இடம் நிக்குதான்னு ப்ரெஸ்ட் போயி தெரிஞ்சுக்க எனக்கு மனசில்ல. மாமா மீன் ஏத்துறவர், முதுநகர் துறைமுகத்துல ஐஸுக்கு பஞ்சமே இல்ல. அவர் வீட்டுல மேல் பாகம் வெட்டின 500 லிட்டர் சிண்டெக்ஸ் தொட்டி ஒண்ணு சும்மா கெடந்துச்சு. அதுல 300 லிட்டர் தண்ணி, 28 டிகிரி. 11க்கு இறக்கணும்னா கிட்டத்தட்ட 56 கிலோ ஐஸ்னு கணக்கு போட்டு வெச்சிருந்தேன், ஒரு கிலோ ஐஸ் உருகவே 80 கிலோகலோரி இழுக்கும், உருகின தண்ணி 11க்கு வர இன்னொரு 11. மாமா பேப்பரைப் பாத்துட்டு, "மாப்ள, உன் கணக்குல வெயில் எங்க இருக்கு, தொட்டி சுவரு எங்க இருக்கு, 50 கிலோ பார் ஒண்ணரை போடு"ன்னார். சொன்ன மாதிரியே ஒண்ணரைதான் ஆச்சு. மீன் தொட்டிக்கு வாங்கின தெர்மாமீட்டர் 11.2 காட்டுச்சு.

முதல் தடவை இறங்கினப்போ தையலை ஒட்டல, எங்கெங்க ஒழுகுதுன்னு பாக்கத்தான். இறங்கின நொடியே மூச்சு தானா இழுத்துக்குது, அதுக்காகவே பக்கத்துல ஆள் இல்லாம இதைப் பண்ணவே பண்ணாதீங்க, மாமா என் தோளைப் பிடிச்சுகிட்டேதான் நின்னார். நாலு நிமிஷத்துல தொடை நடுவுல கத்தி வெச்ச மாதிரி ஒரு கோடு. அவ்ளோதான், எங்க விட்டிருக்குன்னு டிஷ்யூ பாக்காமலேயே தெரிஞ்சுபோச்சு. நாலு பேனலும் வந்து சேர்ற முனை அது, ஒவ்வொரு தடவை கால் விரிக்கும்போதும் இழுபடும், பழைய சூட்ல முதல்ல விடுறதே அங்கதான்.

இனிமேதான் விஷயம். ஒட்டுறது.

முதல் முயற்சி நவம்பர் முதல் வாரம், வெளிய அடை மழை. நல்ல தண்ணில அலசி, ஒரு நாள் காய வெச்சு, ஸ்பிரிட்டால துடைச்சு, விட்ட தையலை மடிச்சு வாய் தொறக்க வெச்சு ரெண்டு பக்கமும் பல்குத்தற குச்சியால பசை தடவினேன். பத்து நிமிஷம் விட்டேன், ஒட்டினேன், 24 மணி நேரம் அமுக்கி வெச்சேன். மறுநாள் லேசா இழுத்தேன், தபால் தலை உரியற மாதிரி உரிஞ்சு வந்துச்சு. ரெண்டாவது தடவை இன்னும் ஜாஸ்தி பசை, அதே கதி. அப்பத்தான் உரிஞ்ச இடத்தை வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன். பசை கருப்பு, ஆனா மேல ஒரு வெளுப்பு, கண்ணாடில மூச்சு விட்டா வருமே அந்த மாதிரி மங்கல். அங்கதான் பிடி கிடைச்சது. பசைல இருக்குற கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் சில்லுன்னு ஆகும், காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா அந்த ஈரம் பசை மேல பனி மாதிரி படியும். நான் ஒட்டினது பசையோட பசைய இல்ல, நடுவுல ஒரு தண்ணிப் படலத்தோட. ட்யூப்ல போட்டிருக்குற நேரத்தையும் முறையையும் அப்படியே பின்பற்றியும் நம்ம ஊர் ஐப்பசி மழைல இது நடக்கும். அந்த ட்யூப் எழுதினவங்க ஊர்ல காத்து வேற மாதிரி போல.

மூணாவது தடவைக்கு பழைய பசையை எல்லாம் விரலால உருட்டி உருட்டி எடுத்தேன், அதுக்கே ஒரு சாயங்காலம் போச்சு. ஏசிய டிரை மோட்ல ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூட்டையும் ட்யூபையும் அதே ரூம்ல வெச்சு ரெண்டும் ஒரே வெப்பத்துக்கு வரட்டும்னு விட்டேன். முதல் பூச்சு ரொம்ப மெல்லிசு, நியோப்ரீன் அதைக் குடிச்சிடும், அது ஒட்டுறதுக்கு இல்ல, ஊறுறதுக்கு. அது நல்லா காய்ஞ்சப்புறம் ரெண்டாவது பூச்சு, அதுவும் மெல்லிசு. இப்ப கடிகாரத்தைப் பாக்காம விரல் முட்டியால தொட்டுப் பாக்கணும். விரல் நுனில எண்ணெய் இருக்கும், அதனாலதான் முட்டி. ஒட்டுற மாதிரி இருக்கணும், ஆனா பசை வரக்கூடாது. வெளுப்பு படிஞ்சிருக்கான்னு டார்ச்சை சாய்ச்சு அடிச்சுப் பாத்தேன், கருகருன்னு பளபளன்னு இருந்துச்சு. ஒரு முனைல ஆரம்பிச்சு அரை விரக்கடை அரை விரக்கடையா சேத்துகிட்டே வந்தேன். தொட்டா தொட்டதுதான், நகர்த்த முடியாது, அதனால நாலு பேனல் சேர்ற முனைய முதல்ல ஒட்டிட்டு அங்கேர்ந்து வெளிப்பக்கமா போனேன். அப்புறம் கரண்டிக் காம்பால நல்லா அழுத்தி தேய்ச்சேன். வாசனை தலைக்கு ஏறும், பூச்சு காயுற நேரமெல்லாம் கதவைச் சாத்திட்டு வெளிய வந்துடுங்க, அம்மா ரெண்டு நாள் அந்த ரூம் பக்கமே வரல.

ரெண்டு நாள் தொடாம வெச்சுட்டு நேத்து இறங்கினேன். அதான் மேல சொன்ன 22 நிமிஷம். உடம்பு சூடா இருந்துச்சு, வெளிய வந்தது கால் விரலும் கை விரலும் மரத்துப் போனதாலதான். அதனால பூட்ஸ்ல கஞ்சத்தனம் பண்ண மாட்டேன், 5 மில்லி, புதுசு, அங்க போனதும் கடைல கால் விட்டுப் பாத்துத்தான் வாங்குவேன், பூட்ஸை ஃபோட்டோ பாத்து வாங்கவே முடியாது. கிளவுஸ் 3 மில்லி போதும்னு மச்சான் சொல்றான், அதுக்கு மேல தடிமனா போட்டா போர்டு பிடிப்பே தெரியாதாம். ஹுட் அவனோடது ஒண்ணு கெடக்கு. இதுவரைக்கும் பசை, ஐஸ், எல்லாம் சேத்து 7800 ஆயிருக்கு, அந்த 4500ஐ கணக்குல சேக்கல, சேத்தா பூட்ஸுக்கு காசு இல்ல.

அந்த 3/2வோட காலையும் கையையும் வெட்டி ஷார்ட்டி ஆக்கலாமான்னு ஒரு யோசனை ஓடுது, செரினிட்டில விடிகாலை மழைக் காத்துல தண்ணிய விட்டு வெளிய வர்றப்போ போட நல்லா இருக்கும். வெட்டின விளிம்பு பிரியாம இருக்க யாராவது என்ன பண்ணியிருக்கீங்கன்னு சொல்லுங்க.

முட்டிக் கீறல் இன்னும் பாக்கி. நேத்து அங்க வெச்ச டிஷ்யூல புள்ளி எல்லாம் கலங்கி ஊதா நிறம் ஆயிருந்துச்சு. மழை ரெண்டு நாள் விடும்னு பாத்துட்டு இருக்கேன், உள்பக்கம் ஒட்டுத் துணி வைக்கலாமா வெறும் பசை போதுமான்னு முடிவு பண்ணல, வளைஞ்சுகிட்டே இருக்குற இடம்கிறதால துணி வெச்சா விளிம்பு தூக்கிக்குமோன்னு பயம். ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணரை பார் எடுத்து வைக்கச் சொல்லி மாமாகிட்ட சொல்லியாச்சு.