துணியில் இருந்த பச்சைக் கறை

தங்கச்சி மகனுக்கு இன்று நாற்பதாம் நாள். பிறந்த மறுநாளே பால் குடித்ததும் வாந்தி எடுத்தான். எல்லாக் குழந்தையும் கக்கும்தானே என்றார்கள். ஆனால் துணியில் கறை கீரை மசியல் நிறத்தில் இருந்தது. அம்மா அந்தத் துணியை அப்படியே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினார்.

எக்ஸ்ரேயில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காற்றுக் குமிழிகள், கீழே ஒன்றுமில்லை. முன்சிறுகுடல், அதாவது இரைப்பையை ஒட்டிய சிறுகுடலின் தொடக்கப் பகுதி, அடைபட்டே பிறந்திருக்கிறான். மூன்றாம் நாள் ஆபரேஷன்.

பச்சை என்றால் பித்தம். பச்சிளங்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் உரைமருந்து கொடுத்துக் காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே ஓடுங்கள். முதல் 24 மணி நேரத்தில் காட்டுப்பீ (குழந்தை முதன்முதலில் போகும் கரும்பச்சை மலம்) போகாவிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு அப்புறம் முதலில் கொடுத்தது 5 மில்லி தாய்ப்பால். அது வாந்தியாக வரவில்லை. தங்கச்சி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.