மலர் வளையம் வைக்க வராதவங்க

போன வாரம் எங்க ஊர் ஏரிய ஆக்கிரமிச்சிருக்கிறத பத்தி நாலு வரி எழுதுனேன், உடனே சித்தப்பா போன் பண்ணி எதுக்குடா வம்பு, அழிச்சிருன்னாரு. பக்கத்துல உக்காந்திருந்த தாத்தா கேட்டுட்டு பழைய கதைய ஆரம்பிச்சுட்டாரு. அவருக்கு எமர்ஜென்சின்னா இந்திரா காந்தி இல்ல, 1976 பிப்ரவரி 3 அன்னிக்கு வந்த திமுக பேப்பர் முரசொலிதான்.

அதுக்கு மூணு நாள் முன்னாடி, ஜனவரி 31, திமுக ஆட்சிய கலைச்சாச்சு. விசாரணையே இல்லாம உள்ள வைக்கிற மிசா சட்டத்துல ஆள தூக்க ஆரம்பிச்சுட்டாங்க, யார புடிச்சாங்க எந்த ஜெயில்ல வெச்சிருக்காங்கன்னு பேப்பர்ல ஒரு வரி போட முடியாது, சென்சார்ல அடிச்சிருவாங்க. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்னிக்கு முரசொலில கருணாநிதி, அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர முடியாதவங்கன்னு மாவட்ட வாரியா ஒரு பட்டியல் போட்டாரு. கைதுங்கிற வார்த்தையே கெடையாது, ஆனா படிச்சவங்களுக்கு புரிஞ்சுபோச்சு. டீக்கடைல சத்தமா பேப்பர் படிச்சிட்டிருந்தவர் அந்தப் பக்கம் வந்ததும் குரல எறக்கிட்டாராம்.

கட்சிக்காரங்க இத பெருமையா சொல்லுவாங்க, நல்ல தில்லுதான், ஒத்துக்கறேன். எனக்கு என்னமோ கேக்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். புருஷன் எங்க இருக்கான்னு ஒரு பொம்பள மலர் வளையப் பட்டியல்ல தேட வேண்டியிருந்திருக்கு பாருங்க. ஜெயிலுக்குள்ள விழுந்த அடி அப்ப வெளிய தெரியவே இல்ல. சென்னை சிறைல அடிபட்ட திமுக எம்.பி. சிட்டிபாபு 1977 ஜனவரில இறந்தேபோனாரு, அந்தக் கொடுமையெல்லாம் விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் கமிஷன் வந்தது டெல்லில ஆட்சி மாறுனப்புறம்தான்.

இதுல இந்திரா காந்திக்காவது லாபம் உண்டான்னா அதுவும் இல்ல. பேப்பர்ல பூரா நல்ல சேதியாவே வந்தா ஜனங்க கடுப்புல இருக்காங்கன்னு யார் போய் சொல்லுவா? 1977ல அவங்களேதான் எலெக்‌ஷன் அறிவிச்சாங்க, ரேபரேலில அவங்களே தோத்தாங்க. வடக்குல குடும்பக் கட்டுப்பாடுன்னு ஆம்பளைங்கள புடிச்சு ஆபரேஷன் பண்ண கோவம் அப்படியே ஓட்டா எறங்குச்சு.

நம்மூர்ல மட்டும் உல்டா, காங்கிரஸ் அதிமுக கூட்டணிதான் அள்ளுச்சு. அவ்ளோ நடந்தும் ஏன் தாத்தா இங்க மட்டும் அப்படி ஓட்டு போட்டாங்கன்னு கேட்டேன். "அது எம்ஜிஆருக்குப் போட்டதுடா"ன்னுட்டு எழுந்து டீக்கடைக்கு போயிட்டாரு. ஏரி போஸ்ட்ட நான் அழிக்கல, சித்தப்பாதான் இப்ப போன் எடுக்க மாட்டேங்கறாரு.