சான் மாலோ பக்கம் போவதென்றால் முதலில் ஓத அட்டவணை

பிரான்சின் வடமேற்கில் சான் மாலோ ஊரிலிருந்து, மடாலயம் நிற்கும் பாறைத் தீவான மோன் சான் மிஷேல் வரையுள்ள கரையில், பெரிய ஓத நாட்களில் கடல் மட்டம் 12, 13 மீட்டர் ஏறி இறங்கும். நாலு மாடி உயரம். சென்னைக் கரையில் இது ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் நம்மவர்கள் விடுதியை முதலில் பதிவு செய்துவிட்டு ஓதத்தைப் பிறகு பார்க்கிறார்கள். இங்கே அது தலைகீழாக நடக்க வேண்டும்.

அட்டவணையில் நேரம், உயரம் தவிர 20 முதல் 120 வரை ஓர் எண் இருக்கும். கோஎஃபிசியான் என்பார்கள். 45 என்றால் மந்தம், 95 என்றால் பெரிய ஓதம். அமாவாசை, பௌர்ணமிக்கு ஒன்றரை நாள் கழித்துத்தான் எண் உச்சம் தொடும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் மிக அதிகம். சில அச்சு அட்டவணைகள் ஆண்டு முழுக்கக் குளிர்கால நேரத்தையே போட்டிருக்கும். கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சான் மாலோவில் பெரிய ஓத நாட்களில் கடல் நிறைவது காலையிலும் மாலையிலும் ஏழிலிருந்து ஒன்பது மணிவாக்கில், வற்றுவது பிற்பகலில். மதியம் மணலில் நடந்துவிட்டு மாலையில் மதில்மேல் நின்று அலை பார்க்கலாம். மந்த ஓத நாட்களில் நடுப்பகலில் நீர் நிறைந்து நிற்கும். ஏற்றம் சீராகவும் இராது. 12 மீட்டர் ஏறும் நாளில் முதல் மணி நேரத்தில் ஒரு மீட்டர். மூன்றாவது, நான்காவது மணிகளில் மூன்று மூன்று மீட்டர். "இப்போதுதானே ஏற ஆரம்பித்தது" என்று நிற்பவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

பொன் செகூர் கடற்கரையிலிருந்து கிரான் பே தீவுக்குக் கல் பாதை உண்டு. 1848இல் இறந்த எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை அங்கே. சிலுவை மட்டும்தான், பெயர்கூடக் கிடையாது. பாதை மூழ்கிவிட்டால் இறங்கிக் கடக்கப் பார்க்காதீர்கள். தீவிலேயே உட்கார்ந்துவிடுங்கள், சில மணி நேரம் போனாலும் பரவாயில்லை. சான் மாலோ 1944 போரில் எரிந்து, பிறகு திரும்பக் கட்டிய ஊர். 1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே பிறந்ததும் இங்கேதான்.

கிழக்கே கான்கால், சிப்பிக்குப் பேர்போனது. துறைமுகத்தில் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய கடைகளில் டஜன் கணக்கில் உடைத்து, எலுமிச்சையோடு தருவார்கள். சிப்பியின் அளவுக்கும் ஓர் எண் உண்டு, அது கூடினால் சிப்பி சிறியது. முதல் தடவை சாப்பிடுபவர்களுக்கு 4 போதும். நீர் வற்றும் நேரத்துக்குப் போனால் எதிரே சிப்பிப் படுகைகளும் அவற்றுக்குள் போய்வரும் டிராக்டர்களும் தெரியும்.

மோன் சான் மிஷேலில் வண்டி நிறுத்துமிடம் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்து இலவசப் பேருந்து. 2014இல் திறந்த பாலம் வந்தபின் ஓத எண் 110ஐத் தாண்டும் நாட்களில்தான் சிறிது நேரம் பாதை அறுபட்டு, மலை முழுத் தீவாகிறது. நீர் வருவதைப் பார்க்க, கடல் நிறையும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே மதிலில் இடம் பிடியுங்கள்.

எதிர்க்கரையின் பழைய யாத்திரை ஊரான ஜெனே பக்கத்திலிருந்து வெறுங்காலோடு வளைகுடாவைக் கடக்கலாம். வழிகாட்டி இல்லாமல் வேண்டவே வேண்டாம். குறுக்கே ஆறுகள் தடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்றைய வழி இன்று இராது. அரைக்கால்சட்டை போடுங்கள். அங்குள்ள நுண்மணலில் நீர் தேங்கியிருப்பதால் ஒரே இடத்தில் நின்றால் கால் புதையும். நேராக மேலே பிடுங்கினால் இன்னும் இறுகும். பின்பக்கம் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி நீரை உள்ளே விட்டு, மெதுவாக இழுக்க வேண்டும்.

ரான்ஸ் ஆற்றுமுகத்தில் சான் சூலியாக் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. கருங்கல் வீடுகள், சுவரில் தொங்கும் வலைகள், குறுகிய சந்துகள், கூட்டமும் குறைவு. என்னைக் கேட்டால் மோன் சான் மிஷேலைவிட இங்கே அதிக நேரம் தரலாம். ஆனால் சான் மாலோ அட்டவணை இங்கே செல்லாது. ஆற்றின் வாயில் 1966 முதல் இயங்கும் ஓத மின்நிலையத்தின் அணை இருக்கிறது. 24 விசையாழிகள், 240 மெகாவாட். அணைக்கு உள்ளே நீர் ஏறுவதும் இறங்குவதும் மின்நிலையம் வைத்த நேரப்படிதான். அதற்கென்று தனி நேரப்பட்டியல் வெளியிடுகிறார்கள், அதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.